செருப்புப் போட்டு அரைத்த கிரைண்டர்: கொக்குவில் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

நல்லூர்த் திருவிழா நேரம் யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு வீட்டுக் குசினியில் நடந்த மின் விபத்து இது. ஆள் தப்பிவிட்டார். வீட்டுக்காரரே "எழுதுங்கோ, நாலு சனம் பார்க்கட்டும்" என்று சொன்னதால்தான் எழுதுகிறேன், ஆனால் யார், எந்த ஒழுங்கை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வயரிங் வேலையும் வீட்டுச் சாமான் திருத்தும் வேலையும்தான் என் தொழில். விபத்து நடந்து அம்மா ஆஸ்பத்திரியால் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட காரணம் என்ன தெரியுமா, "தம்பி, இந்தக் கிரைண்டரை ஒருக்காத் திருத்தித் தாங்கோ." வீட்டு வயரிங்கில் ஏதும் பிழை இருக்கும் என்று ஒருவருமே நினைக்கவில்லை.

நடந்தது

கொடியேறினால் அந்த 25 நாளும் அந்த வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, கிடையாது. லண்டனிலிருந்து மச்சாள் குடும்பம், கனடாவிலிருந்து பெரிய மகன் குடும்பம், ஆக வீடு நிறையச் சனம், காலையில் தோசை, பின்னேரம் வடை, உழுந்து ஊறாத நாள் இல்லை. கிரைண்டர் இந்தியாவிலிருந்து வந்தது, மேசையில் வைக்கும் வகை, வெளியே முழுக்க எவர்சில்வர் உடம்பு, மூன்று உருண்டைப் பின் உள்ள பிளக்.

அன்று பின்னேரம் அம்மா கோயிலால் வந்து, கால் கழுவி, ஈரக் காலோடு அப்படியே குசினிக்குள் போய் கிரைண்டரைப் போட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒட்டிய மாவை அகப்பைக் காம்பால் தள்ளிவிடுவது வழக்கம், அதற்காக இடது கையால் கிரைண்டரின் உடம்பைப் பிடித்திருக்கிறார். பிடித்த கை இறுகிவிட்டது. வீட்டு மின்சாரம் கையின் தசையைச் சுருங்க வைக்கும். விட வேண்டும் என்று நினைத்தாலும் விரல் விடாது. சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சாள் அவரைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறார், தொட்டிருந்தால் இரண்டு பேர் மாட்டியிருப்பார்கள். நல்ல காலம், பின்னால் வந்த பேரப்பொடியன் ஆளைத் தொடாமல் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது என்றான்.

விரல் நுனிகளில் சூட்டுக் காயம், நெஞ்சுப் படபடப்பு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுத்து, ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கரண்ட் அடித்தவர் எழும்பி நடக்கிறார், கதைக்கிறார் என்பதற்காக வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இதயத் துடிப்பில் குழப்பம் இருக்கிறதா என்று இ.சி.ஜி. பார்த்துத்தான் சொல்ல முடியும். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசும் இல்லை.

பார்த்தது

நான் போனதும் முதலில் பார்ப்பது மீற்றர் பலகையைத்தான். பலகைக்கு முன்னால் ஒரு பெரிய கோயில் கலண்டர் தொங்கியது. கலண்டரைத் தூக்கினால் ட்ரிப் சுவிட்சின், அதாவது கரண்ட் ஒழுகினால் வீட்டுக் கரண்டையே அறுத்துவிடும் சுவிட்சின், நெம்பு கீழே விழுந்து கிடக்கிறது. வீட்டில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுத்துகிறது, பிரிட்ஜ் உறுமுகிறது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும்போது வீட்டில் ஒன்றும் ஓடக் கூடாது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மேலே வரும் வயரையும் கீழே போகும் வயரையும் துண்டு வயர் போட்டு நேராக இணைத்திருக்கிறது. சுவிட்ச் பலகையில் இருக்கிறது, கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

அடுத்து கிரைண்டர். பிளக்கைக் கழற்றிவிட்டு மெகர், அதாவது கரண்ட் ஒழுகுகிறதா என்று பார்க்கும் மீற்றர், வைத்துப் பார்த்தேன். 500 வோல்ட்டில் சோதித்தால் குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஊசி கிட்டத்தட்டப் பூச்சியத்தில் படுத்திருந்தது. அடித் தட்டைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கல் சுற்றும் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்து, அந்த வழியாக உழுந்து மாத் தண்ணி மோட்டர் மேலே வடிந்து, காய்ந்து, திரும்ப நனைந்து, கம்பிச்சுருளில் வெள்ளைப் பொருக்காய் ஒட்டியிருந்தது. அந்தப் பொருக்கு காய்ந்திருந்தால் கரண்டை அவ்வளவாகக் கடத்தாது, நனைந்தால் கடத்தும். அரை மணித்தியாலம் விட்டுவிட்டுப் போட்டால் கிரைண்டர் "சரியாகி" விடுவதன் இரகசியம் இதுதான்.

மூன்றாவது, பிளக். கிரைண்டரின் உருண்டைப் பின் பிளக் புதுக் குசினியின் சதுரப் பின் சொக்கற்றுக்குள் போகாது, ஆகவே நடுவில் ஒரு அடப்டர். அந்த மலிவு அடப்டரின் ஏர்த் ஓட்டைக்குள், அதாவது ஒழுகும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயருக்கான ஓட்டைக்குள், உலோகமே இல்லை, வெறும் பிளாஸ்டிக். நம் நாட்டில் 5 அம்பியர் உருண்டை, 15 அம்பியர் உருண்டை, 13 அம்பியர் சதுரம் என்று மூன்றும் கலந்து கிடந்ததால்தான் 13 அம்பியர் சதுரப் பின்னை ஒரே தரமாக்கி 2018 இல் மற்றவற்றின் விற்பனைக்குத் தடையும் வந்தது. ஆனால் வீட்டுச் சுவரிலும் வெளிநாட்டுப் பெட்டியிலும் இருப்பதைச் சட்டம் மாற்றாதே, அந்த இடைவெளியை எல்லாம் இந்த அடப்டர்கள்தான் நிரப்புகின்றன.

எப்படி இந்த நிலைக்கு வந்தது

வீட்டாரிடம் ஆறுதலாக இருந்து கேட்டேன், தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. கதை கதையாய் வந்ததை அடுக்கிப் பார்த்தால் ஒழுங்கு இப்படி வருகிறது.

முந்தின மாரி காலத்திலேயே கிரைண்டர் போட்டால் ட்ரிப் விழத் தொடங்கிவிட்டது. அப்போது கிரைண்டர் பழைய உருண்டைச் சொக்கற்றில், ஏர்த்தோடு இருந்தது. ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரு வேலைதான்: உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் ஒன்றா என்று பார்க்கும். 30 மில்லிஅம்பியர் அளவில் குறைந்தால், அது வேறு வழியால் நிலத்துக்குப் போகிறது என்று அர்த்தம், கண் சிமிட்டும் நேரத்துக்குள் அறுத்துவிடும். அந்த வீட்டில் மாத் தண்ணி வழியாக உடம்புக்கு வந்த கரண்ட் ஏர்த் வயரால் போனது, ட்ரிப் விழுந்தது. அதாவது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு குசினியைத் திருத்திப் புதுச் சொக்கற் போட்டார்கள், அடப்டர் வந்தது. அடப்டர் வந்ததும் ட்ரிப் விழுவது நின்றுவிட்டது! "அடப்டர் போட்ட பிறகு கிரைண்டர் நல்லா ஓடுது" என்று ஐயா என்னிடமே சொன்னார், இன்னமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஏர்த் வயர் அறுந்ததால் கரண்டுக்கு வழியில்லை, வழியில்லாததால் ட்ரிப் விழவில்லை, ஆனால் கரண்ட் கிரைண்டரின் எவர்சில்வர் உடம்பில் வந்து குந்தியிருக்கிறது. இனி அதற்கு வழியாக வரப்போவது யாரோ ஒருவரின் கையும் காலும்.

அதுவும் நடந்தது. அம்மாவுக்குச் சுள்ளென்று அடித்திருக்கிறது, அந்தக் கணமே ட்ரிப் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அந்தச் சுவிட்ச். வீட்டில் எடுத்த முடிவோ இரண்டு. ஒன்று, "கிரைண்டருக்குக் கிட்டப் போறதெண்டால் செருப்புப் போட்டுக்கொண்டு போ." இதற்கென்றே குசினிக் கதவடியில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது, நானே கண்டேன். மற்றது, இந்த ட்ரிப் சுவிட்சுக்கு ஏதோ பைத்தியம் பிடித்துவிட்டது.

கடைசிப் படி திருவிழாச் சனம் வந்த பிறகு. ஆள் கூடினால் தொடும் கையும் கூடும்தானே, ட்ரிப் அடிக்கடி விழுந்தது, விழும்போதெல்லாம் வீடு முழுக்க இருட்டு, பிரிட்ஜில் பால் பழுதாய்ப் போனது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட, அவர் "சுவிட்ச் பழுது, புதுசு வாங்குமட்டும் டிரெக்ட் குடுத்து விடுறன்" என்று அந்தத் துண்டு வயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். புதியது வாங்கவில்லை. ஏன் வாங்குவான், வீட்டில் கரண்ட் நிற்பதே இல்லை, எல்லோருக்கும் சந்தோசம். பிறகு ஒரு நாள் அம்மா கோயிலால் வெறுங்காலோடு வந்தார்.

ஆக, கிரைண்டர் பழுதானது மாரியில், கரண்ட் ஆளைப் பிடித்தது ஆவணியில். இடையில் அது ட்ரிப்பை விழுத்தி, கையில் சுள்ளென்று அடித்து, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குசினி விபத்தென்று நான் பார்க்கப் போகும் இடங்களில் பெரும்பாலும் கதை இப்படித்தான் இருக்கிறது. சாமானை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

"ட்ரிப் இல்லாட்டிலும் மற்ற பிரேக்கர் இருக்குத்தானே தம்பி, அது ஏன் விழேல்லை?" என்று ஐயா கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சின்ன பிரேக்கர்கள் வயரைக் காப்பாற்ற வைத்தவை, மனுசரைக் காப்பாற்ற அல்ல. 16 அம்பியர் தாண்டினால்தான் விழும், மனுசருக்கோ ஒரு அம்பியரில் பத்திலொரு பங்கே உயிராபத்து. சரி, ஏர்த் இருந்திருந்தால் விழுந்திருக்குமா? யாழ்ப்பாணத்தில் அதுவும் சந்தேகம். நம் நிலம் சுண்ணாம்புக்கல், பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கல் வரும், ஏர்த் கம்பி அடிக்கிறவர் கல்லில் முட்டியதும் மிச்சத்தை வெட்டிவிட்டுப் போய்விடுவார். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான், ஆடி ஆவணியில் நிலம் காய்ந்து கிடக்கும். அந்த வீட்டு ஏர்த்தை அளந்தபோது 180 ஓமுக்குக் கிட்ட வந்தது. 230 வோல்ட்டை 180 ஆல் பிரித்துப் பாருங்கள், ஒன்றேகால் அம்பியர். எந்தப் பிரேக்கரும் அசையாது. ட்ரிப் சுவிட்சுக்கோ 30 மில்லிஅம்பியர் போதும், அந்த மோசமான ஏர்த்திலும் அது விழும். குடாநாட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு என்பது மதில் இல்லாத கிணறு.

1990 இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்ற பிறகு வருசக்கணக்காகக் குப்பி விளக்கில் இருந்த சனம் நாங்கள். அதற்கு முந்திய வயர், திரும்பி வந்து குடியேறியபோது அவசரத்துக்கு இழுத்த வயர், பிறகு வெளிநாட்டுக் காசில் கட்டிய புதுக் குசினியின் வயர், மூன்றும் ஒரே மீற்றரில் தொங்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இந்த வீடும் அப்படித்தான்.

அதே குசினியில் மற்றவை

வந்தது வந்தாய், மிச்சத்தையும் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். பார்த்தேன்.

கனடா மகன் கொண்டுவந்த பிளென்டர் புகைந்து மூலையில் கிடந்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பயண அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள்: 120V என்று மட்டும் இருந்தால் நேரே செருகக் கூடாது, 100-240V என்றிருந்தால் பயமில்லை, போன் சார்ஜர் எல்லாம் அப்படித்தான். சூடாக்கும் சாமான் பெரும்பாலும் அப்படி வராது. ட்ரான்ஸ்போமர் வாங்கலாம்தான், ஆனால் ஒரு பிளென்டருக்காக அதை வாங்குவதைவிட இங்கேயே ஒன்றை வாங்கலாம். பிரான்ஸ், ஜேர்மனிச் சாமான்களில் வேறு பிரச்சினை. வோல்ட் சரி, ஆனால் அவற்றின் ஏர்த், பிளக்கின் பக்கவாட்டிலோ ஒரு குழியிலோ இருக்கும், நம் கடை அடப்டரில் அது எதையும் தொடாது. உலோக உடம்புள்ள சாமான் என்றால் பிளக்கை வெட்டி 13 அம்பியர் பிளக் போடுங்கள். இலண்டன் சாமான் அப்படியே பொருந்தும்.

ஒரு மல்டி பிளக்கில் கேத்தலும் ஹொட்பிளேட்டும் ரைஸ் குக்கரும். கேத்தல் 2000 வோட்ஸ், கிட்டத்தட்ட 9 அம்பியர். ஹொட்பிளேட் 1500, அது ஆறரை. ரைஸ் குக்கர் 700, அது 3. மூன்றும் சேர்ந்து ஓடினால் 18 தாண்டும், சொக்கற்றோ 13 தான். மல்டி பிளக்கின் ஒரு ஓட்டை மண்ணிறமாகிச் சுருங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றும்போது பின் கையைச் சுட்டால் அந்தச் சொக்கற்றை மாற்றுங்கள், துடைத்துப் போட்டுப் பிரயோசனமில்லை.

கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஒரு நகத் தடிப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, இது தவிர்க்க முடியாதது. படிவு தடித்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் தகட்டிலேயே நின்று அதை எரித்துவிடும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுக் கொதிக்க வைத்து ஊறவிட்டால் கழரும். இன்னொன்று, மூடியைத் திறந்துவிட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். கேத்தல் தானாக நிற்பது, நீராவி ஒரு சின்ன வழியாகப் போய் உள்ளே இருக்கும் தகட்டைச் சூடாக்குவதால்தான். மூடி திறந்திருந்தால் ஆவி அங்கே போகாது, கேத்தல் வற்றும்வரை கொதிக்கும்.

ரைஸ் குக்கர் நெம்புக்கு மேலே ஒரு தேக்கரண்டி சொருகியிருந்தது. குக்கரில் கறி வைக்கும்போது நெம்பு மேலே எழும்பிவிடுகிறதாம், அதற்காக. அந்த நெம்பைப் பிடித்திருப்பது 100 பாகை சற்றுத் தாண்டியதும் காந்தத் தன்மையை இழக்கும் ஒரு துண்டு. தண்ணி வற்றியதும் சூடு ஏறும், காந்தம் விடும், நெம்பு எழும்பும், அவ்வளவுதான் அதன் மூளை. கரண்டியைச் சொருகினால் அந்த மூளைக்கு வேலையில்லை.

பிரஷர் குக்கரைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கிரைண்டருக்கு அடுத்த அபாயம் அதுதான் என்று எனக்குப் பட்டது. விசில் தொலைந்து, வேறு குக்கரின் விசிலை வைத்திருந்தார்கள். பொருந்துகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் விசிலின் பாரம்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சரியான விசிலோடு உள்ளே காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, தண்ணி 120 பாகைக்குக் கிட்ட. 20 சென்ரிமீற்றர் மூடிக்கு இதைக் கணக்குப் பார்த்தால் மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோவுக்கு மேல். பாரம் கூடிய விசில் வைத்தால் அதற்கும் மேலே போகும். அப்படிப் போனால் உருகித் திறக்க மூடியில் ஒரு சேப்டி வால்வு இருக்கிறது; அது இந்தக் குக்கரில் முன்னொரு நாள் போய்விட, கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை இறுக்கியிருந்தார்கள். இதோடு பருப்பை முக்கால்வாசிக்குப் போட்டு அவிப்பது. பருப்பு நுரைத்து எழும்பி ஆவி போகும் குழாயை அடைத்துவிடும். பருப்பு, கடலை, பயறு என்றால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, வைக்கும் முன் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விசில் வர வேண்டிய நேரத்தில் வரவில்லையா, அடுப்பை நிற்பாட்டிவிட்டு விலகி நில்லுங்கள். மூடியை இழுத்துத் திறப்பதோ, விசிலைக் கரண்டியால் கிண்டுவதோ வேண்டாம், ஆற விடுங்கள். விசிலும் வால்வும் ரப்பரும் அந்தக் குக்கர் கம்பனியினதாகவே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் குக்கரை மாற்றுவதுதான் மலிவு.

காஸ் சிலிண்டர் மேசைக்குக் கீழ் அலுமாரிக்குள், கதவு சாத்தி. 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்த நேரம் இந்த வீட்டிலும் பயந்து சிலிண்டரை வெளியே வைத்தார்களாம், பிறகு 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலம் வந்ததும் களவு போகும் என்று உள்ளே வந்துவிட்டது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் நிலத்தோடு படிந்து மூலையில் தங்கும், அலுமாரிக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும். ஹோஸைச் சவர்க்கார நுரை பூசிச் சோதித்தேன், குமிழி வரவில்லை, ஆனால் அடுப்புப் பக்கத்து நுனி வெடித்து இறுகியிருந்தது, மாற்றச் சொன்னேன். மணம் வந்தால் சுவிட்ச் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம், சிலிண்டர் வால்வைப் பூட்டிக் கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

செய்தது

துண்டு வயரைக் கழற்றிப் புது ட்ரிப் சுவிட்ச் போட்டேன். ஏர்த் கம்பியைப் புதிதாக, கிணற்றடித் தண்ணி ஓடும் வாழைப் பாத்தியில் இறக்கினேன், கல்லில் முட்டியதால் ஒன்றுக்கு இரண்டு கம்பி தள்ளித் தள்ளி அடித்து இணைத்தேன், ஓம் அளவு வெகுவாக இறங்கியது. வாழைக்குத் தண்ணி போகும்வரை அந்த மண் வருசம் முழுக்க ஈரமாக இருக்கும். கிரைண்டருக்கு வளையம் மாற்றி, மோட்டரைக் கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசி, மெகர் திருப்தியான பிறகுதான் 13 அம்பியர் பிளக் போட்டேன், உள்ளே 3 அம்பியர் பியூஸ், அந்தச் சின்ன மோட்டருக்கு அது காணும். கேத்தலுக்கும் ஹொட்பிளேட்டுக்கும் தனித்தனிச் சொக்கற். கலண்டர் எதிர்ச் சுவருக்குப் போனது. ட்ரிப் சுவிட்சில் T என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருக்கால் அழுத்த வேண்டும், அழுத்தினால் டக்கென்று விழுந்து வீடு இருள வேண்டும். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. விழுந்தும் விளக்கு எரிந்தால் யாரோ டிரெக்ட் கொடுத்திருக்கிறார்கள்.

கார்த்திகை மழைக்கு அந்த வீட்டில் திரும்பவும் ட்ரிப் விழுந்திருக்கிறது. இந்த முறை மகள் என்னைக் கூப்பிட முன் நான் காட்டிக்கொடுத்தபடி தானே பார்த்திருக்கிறா: எல்லாப் பிளக்கையும் கழற்றி, சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு ஒவ்வொரு பிரேக்கராக மேலே தள்ளியிருக்கிறா. வெளி விளக்குக்குப் போகும் பிரேக்கரை ஏற்றியதும் விழுந்தது. அதை மட்டும் இறக்கி விட்டுவிட்டு, மிச்ச வீட்டை ஓடவிட்டு, எனக்கு அழைப்பு எடுத்தா. போய்ப் பார்த்தால் கேற்றடி விளக்குப் பெட்டிக்குள் எறும்புக் கூடும் மழைத் தண்ணியும். பெட்டியை மாற்றி, அடியில் தண்ணி வடிய ஒரு ஓட்டை போட்டுவிட்டு வந்தேன்.